கறுப்பு வயரும் என் கையெழுத்தும்

மூன்று துளை உள்ள பிளக் பேஸில் இரண்டு கால் பிளக்கைச் செருகுவது எப்படி என்பது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். மேலே உள்ள பெரிய துளைக்குள் பேனையின் பின்பக்கத்தை விட்டு அமத்தினால், கீழே உள்ள இரண்டு துளைகளும் வாய் திறக்கும். பேனை இல்லாவிட்டால் சீப்பின் வால். சீப்பும் இல்லாவிட்டால், ஒரு கல்யாண வீட்டில் நான் என் கண்ணாலேயே பார்த்தது, மணப்பெண்ணின் தலையிலிருந்து உருவிய கொண்டை ஊசி. அந்தப் பெரிய துளை ஏர்த் வயருக்கானது; ஆளின் உயிரைக் காப்பதற்கென்றே வைத்தது. அதற்குள் எதையாவது குத்தித்தான் எங்கள் ஆட்கள் போனுக்குச் சார்ஜ் ஏற்றுகிறார்கள்.

எனக்கு இதைக் கண்டால் பொறுக்காது. அந்தக் கல்யாண வீட்டில் கொண்டை ஊசியைப் பிடுங்கி, பெண்ணை அலங்கரிக்க வந்தவளுக்கு அங்கேயே வகுப்பு எடுத்தேன். கரண்ட் எந்த வழியால் வரும், எந்த வழியால் போகும், ஏர்த் இல்லாவிட்டால் அது நம் உடம்பை எப்படி வழியாக்கிக்கொள்ளும் என்று கால் மணித்தியாலம். முகூர்த்தம் தப்பப்போகிறது என்று மாப்பிள்ளை வீட்டார் அறை வாசலில் வந்து நின்றார்கள். திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் மனைவி சொன்னாள்: "இனி எந்தக் கலியாணத்துக்கும் நான் தனியத்தான் போவன். நீங்கள் வீட்டில இருந்து பிளக் பேஸோட கதையுங்கோ."

நான் சீனன்குடாவில் ஒரு நிறுவனத்தில் முப்பது வருடத்துக்கு மேல் மின்வேலை பார்த்தவன். கடைசிக் காலத்தில் போர்மன். ஓய்வு பெற்றுப் பாலையூற்றில் வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகும், யார் வீட்டில் மின்விசிறி உறுமினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் கையால் கட்டிய வயர் ஒன்றும் அதுவரை ஒருவரையும் அடித்ததில்லை என்பது என் பெருமை. அந்தப் பெருமையை நான் மனதுக்குள் வைத்துக்கொண்டதும் இல்லை. செத்த வீட்டுக்குப் போய் பந்தலில் லைட் கட்டியிருக்கும் அழகைப் பார்த்துவிட்டு அங்கேயும் சொல்லியிருக்கிறேன்.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் கனடாவிலிருந்து வந்த இரண்டு மரப்பெட்டிகளை ஒப்படைத்தார்கள்.

துறைமுகத்துக்குக் கிட்ட நான் படித்த பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கே எனக்குப் பல வருடம் பின்னால் படித்த ஒருவர் கனடாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிறார். அங்கே ஆய்வுகூடத்தைப் புதுப்பிக்கும்போது தூக்கிப் போட வைத்திருந்த ஆறு சாமான்களைக் கேட்டு வாங்கி, பள்ளிக்கூடத்துக்கென்று கப்பலில் ஏற்றிவிட்டார். இவ்வளவு பெரிய துறைமுகத்தை வாசலில் வைத்துக்கொண்டு இருக்கிறோம். பெட்டிகள் என்னவோ கொழும்பில் இறங்கி லொறியில்தான் வந்தன. பள்ளிக்கூட அதிபர் எனக்குப் போன் எடுத்தார்.

"ஐயா, எல்லாத்துக்கும் பிளக் வேற மாதிரிக் கிடக்கு. பிளக்கை மட்டும் மாத்தினாக் காணும்தானே?"

நான் சிரித்த சிரிப்பு அவருக்கு இன்றைக்கும் நினைவிருக்கும். அங்கே வீட்டுக் கரண்ட் நூற்றிருபது வோல்ட்டு, இங்கே இருநூற்று முப்பது. பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினால் மெசின் புகையாகத்தான் போகும் என்று சொன்னேன். சொல்ல வேண்டியது அவ்வளவுதான். ஆனால் நான் அரை மணித்தியாலம் சொன்னேன். கடைசியில் அதிபர், "நீங்கள் இருக்கேக்க எங்களுக்கு என்ன பயம்" என்றார். அந்த வசனம் என் காதில் தேனாக இறங்கியது.

மறுநாள் பெட்டிகளை உடைக்கும்போது பௌதிகவியல் டீச்சரும் பக்கத்தில் நின்றார். கிண்ணியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். முப்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் இது என்ன விலை இருக்கும், இதை வைத்து என்ன செய்யலாம் என்று கேட்டுக்கொண்டிருக்க, அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சேர், இதுல புள்ளைகள் கை வைக்கலாமா?"

"அதுக்குத்தானே டீச்சர் நான் வந்திருக்கிறன்."

"அப்ப ஒவ்வொண்டும் முடிஞ்சதும் ஒரு கடதாசித் துண்டுல எழுதி சைன் வெச்சித் தாங்க. அது இல்லாம நான் ஒரு புள்ளையையும் தொட விடமாட்டன்."

எனக்கு முதலில் சுள்ளென்றது. என் வேலைக்குத் துண்டா? சீனன்குடாவில் என் வாய்ச் சொல்லுக்குப் பெரிய பெரிய மோட்டர்கள் ஓடின. பிறகு யோசித்தால் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. முப்பது பிள்ளைகளின் கை என் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. இதைவிட ஒரு கையெழுத்துக்கு என்ன மரியாதை வேண்டும்? சரி என்றேன்.

கிட்டத்தட்ட ஒரு மாதம் அந்த ஆய்வுகூடத்தில்தான் கிடந்தேன். இப்போதும் சொல்கிறேன், முதல் ஐந்து சாமானிலும் நான் செய்த வேலையில் யாரும் குறை பிடிக்க ஏலாது. ஒவ்வொன்றையும் திறந்து, தூசி தட்டி, எந்த வயர் எங்கே போகிறது என்று படம் கீறி, வோல்ட்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பொருத்தினேன். கடையில் கிடைத்த ட்ரான்ஸ்போமரில் இரண்டு துளைதான். ஏர்த்துக்கு இடமே இல்லை. ஆகையால் ஒவ்வொரு மெசினின் இரும்பு உடம்பிலிருந்தும் பச்சை வயர் ஒன்றைத் தனியே இழுத்துச் சுவரில் இருந்த ஏர்த்தில் முடுக்கினேன். நேரே சுவர்ப் பிளக்கில் செருகாதே என்று சிவப்புப் பெயின்டால் எழுதி, பக்கத்தில் மண்டை ஓடும் வரைந்தேன். மண்டை ஓடு அதிபரின் சாயலில் இருக்கிறது என்று டீச்சர் சொன்னார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

ஐந்தில் ஒன்று, பரிசோதனைக்கு நேரம் பிடிக்கிற மேசை மணிக்கூடு. அங்கே கரண்ட் ஒரு செக்கனுக்கு அறுபது தரம் துடிக்கும், இங்கே ஐம்பது தரம். அந்தத் துடிப்பை எண்ணித்தான் மணிக்கூடு ஓடும். ஆகவே இங்கே அது ஒரு மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் பிந்தியது. என்ன செய்தும் திருத்த முடியவில்லை. கனடாவிலிருந்து வந்ததில், எந்த மாற்றமும் செய்யாமலே எங்கள் அரசாங்கக் கந்தோர்களுக்குப் பொருந்திப்போனது அது ஒன்றுதான். அதன் துண்டில் "நேரம் பிழை, கை வைக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன்.

எல்லாவற்றையும் விட நான் பெரிதாகத் தம்பட்டம் அடித்தது வயரின் நிறத்தைப் பற்றித்தான். நாங்கள் பழகிய வயரிங்கில் சிவப்பு லைவ். கரண்ட் வருகிற வயர், ஆளை அடிக்கிறது அதுதான். கறுப்பு நியூட்ரல், கரண்ட் திரும்பிப் போகிற சாது வயர். அங்கே அப்படி இல்லை. அங்கே கறுப்புத்தான் லைவ், வெள்ளை நியூட்ரல். இங்கத்தைய பழக்கத்தில் கறுப்பைச் சாது என்று நினைத்துக் கட்டினால் எல்லாம் தலைகீழாகும். இதை ஒரு பெரிய மட்டையில் எழுதி, ஆய்வுகூடச் சுவரில் கண்ணில் படுகிற உயரத்தில் தொங்கவிட்டேன். டீச்சர் அதைப் பிள்ளைகளின் கொப்பியில் எழுதவைத்தார். அந்த மட்டைக்குக் கீழே நின்று நான் ஒரு படமும் எடுத்துக்கொண்டேன். அது பழைய மாணவர்களின் வட்சப் குழுவில் போனது. மூன்று நாடுகளிலிருந்து கைதட்டு வந்தது.

ஆறாவது சாமானைக் கடைசிக்கென்று வைத்திருந்தேன். அது அலைவுகாட்டி. கரண்டின் துடிப்பை ஒரு சின்ன வட்டத் திரையில் பச்சைக் கோடாக, அலை அலையாகக் காட்டும். பெரிய பழைய இரும்புப் பெட்டி. திறப்பு விழாவில் அதைத்தான் போட்டுக் காட்டுவது என்று அதிபர் முடிவெடுத்திருந்தார். விழாவுக்கு முதல் நாள் பின்னேரம்தான் அதற்கு வந்தேன்.

அன்று ஆய்வுகூடத்தில் நல்ல கூட்டம். கதிரை அடுக்குகிறவர்கள், பனர் கட்டுகிறவர்கள், அதிபர், இரண்டு பழைய மாணவர்கள். கூட்டத்தைக் கண்டால் எனக்கு வாய் நிற்காது. மற்ற ஐந்தையும் திறந்து பார்த்த நான், இதைத் திறக்கவில்லை. நேரமில்லை என்று எனக்கு நானே சொன்னேன். உண்மையில், திறந்து தலையை உள்ளுக்குள் விட்டால் பேச முடியாது. வயரின் நுனியில் இருந்த பிளக்கை மட்டும் வெட்டிவிட்டு ட்ரான்ஸ்போமரோடு இணைக்கத் தொடங்கினேன். பேச்சு என்னவென்றால், அந்த மட்டையில் உள்ள பேச்சுத்தான். அங்கே கறுப்பு லைவ், மறந்தால் ஆள் முடிந்தான் என்று என் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. என் கை முப்பது வருடப் பழக்கத்தில், தன் பாட்டில், கறுப்பை நியூட்ரலில் கட்டியது. வெள்ளையை லைவில் கட்டியது. பச்சை ஏர்த் வயரை வழக்கம்போலச் சுவரில் முடுக்கியது.

இதோடு போயிருந்தால் அவ்வளவு பெரிய ஆபத்து இல்லை. ஆனால் அந்த மெசினுக்குள் யாரோ வெள்ளை வயரை இரும்பு உடம்போடு ஒரு துண்டு வயரால் இணைத்து வைத்திருந்தார். எதற்கென்று தெரியாது. கனடாவிலும் என்னைப் போல ஒருவர் இருந்திருக்கிறார். அங்கே வெள்ளை சாது வயர் என்பதால் அவர் தப்பிவிட்டார். இங்கே நான் வெள்ளையை லைவில் கட்டியதும் மெசினின் உடம்பு முழுவதும் கரண்ட் ஏறிவிட்டது. இதெல்லாம் பிறகு திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆனால் தெரிந்துகொள்ள எனக்கு அன்று வழியே இருக்கவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

முதலில் செருகியதும் ட்ரிப் சுவிட்ச் டக்கென்று விழுந்தது. ஆய்வுகூடம் இருட்டாகியது. கரண்ட் ஏர்த் வழியாக எங்கோ ஒழுகுகிறது, பார் என்று சொல்வதற்குத்தான் ட்ரிப் சுவிட்ச் என்ற ஒன்றே இருக்கிறது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கடற்காத்து. ட்ரிப்புக்குள்ள உப்புப் பிடிச்சிட்டுது." எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் ஊரில் எந்தப் பழுதையும் கடற்காற்றின் தலையில் போடலாம். கதவுப் பிணைச்சல், சைக்கிள் செயின், மனிதரின் முழங்கால் எல்லாவற்றையும் அதுதான் தின்கிறது. ட்ரிப்பைத் தாண்டி நேரே லைன் கொடுத்தேன். அடுத்த தரம் பியூஸ் போனது. "பழைய பியூஸ்" என்றேன். புதியது போட்டேன். அதுவும் போனது.

கூட்டத்தில் யாரோ ஒருவர் இருமினார். முப்பது வருடப் பெருமை அந்த இருமலில் ஆட்டங்கண்டது. நான் குனிந்து, மெசினின் பின்பக்கம் போய், பச்சை ஏர்த் வயரைக் கழற்றி ட்ரான்ஸ்போமருக்குப் பின்னால் சுருட்டி வைத்தேன். விழா முடிய ஆறுதலாகப் பார்க்கலாம் என்று நினைத்தேன். திரும்பவும் போட்டேன். பச்சைக் கோடு அழகாக எழும்பி அலை அலையாக ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

ட்ரிப் சுவிட்ச் சொன்னது. பியூஸ் இரண்டு தரம் சொன்னது. ஏர்த் வயர்தான் அவர்களைப் பேசவைத்தது. மூன்று சாட்சியையும் வாயை மூடவைத்துவிட்டு நான் வழக்கை வென்றேன். கொண்டை ஊசிக்காரியாவது துளைக்குள் தெரியாமல் குத்தினாள். நான் தெரிந்துகொண்டு கழற்றினேன். மெசினில் கையை வைத்தும் காட்டினேன். ஒன்றும் செய்யவில்லை, காலில் தடித்த இறப்பர் செருப்பு. சட்டைப்பையில் டெஸ்டர் இருந்தது. எடுத்து ஒரு தரம் தொட்டிருந்தால் அதன் சின்ன பல்ப் எரிந்திருக்கும். தன் வேலையைத் தானே சோதிக்கிறானே என்று யாரும் நினைத்துவிடுவார்களோ என்று நான் அதை எடுக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு டீச்சர் ஆறாவது துண்டோடு வந்தார். கிண்ணியா பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

"இதும் முடிஞ்சதா சேர்?"

"ஓம்."

"புள்ளைகள் கை வைக்கலாம்தானே?"

நான் துண்டை வாங்கி, "பிள்ளைகள் கை வைக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். வழக்கத்தைவிட வாலை நீட்டியே வைத்தேன். அவர் ஒரு தரம் வாசித்துவிட்டு மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். வீட்டில் மனைவி தேத்தண்ணியை வைத்துவிட்டு, "என்ன, இண்டைக்குக் கதையில்லாம இருக்கிறியள்?" என்று கேட்டாள். களைப்பு என்றேன்.

விழா காலையில். எங்கள் அதிபர் யாருக்கும் குறை வைக்காத மனிதர். ஐயர், பாதர், மௌலவி மூன்று பேரும் வந்திருந்தார்கள். ஆய்வுகூடத்துக்குள் சப்பாத்து இல்லாமல் ஒருவரும் வரக்கூடாது என்பது டீச்சரின் சட்டம். ஆனால் அன்று விளக்கேற்றிப் பூசை நடக்கிற இடமாயிற்றே, சப்பாத்தோடு எப்படி நிற்பது? வாசலில் செருப்பும் சப்பாத்தும் குவிந்து கிடந்தன. விடியவே நிலத்தைக் கழுவியிருந்தார்கள். அந்தச் சீமெந்து நிலம் இன்னும் காயவில்லை. நான் என் இறப்பர் செருப்பைக் கழற்றி, மிதிபடாத இடமாகப் பார்த்து ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனேன். அப்போதும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. என் தலைக்குள் பொன்னாடைதான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பொன்னாடை போர்த்தப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

மெசினில் ஒரு துளி தண்ணீர் படக்கூடாது என்று ஐயருக்கும் பாதருக்கும் முதலே வகுப்பு எடுத்திருந்தேன். இருவரும் நல்ல மனிதர்கள். என் சொல்லைத் தட்டவில்லை. ஐயர் மாவிலையால் மஞ்சள் தண்ணீரை மேசையைச் சுற்றி நிலத்தில் மட்டும் தெளித்தார். பாதரும் தீர்த்தத்தை மெசினுக்கு எட்டாமல் நிலத்திலேயே தெளித்தார். ஏற்கெனவே காயாத நிலம் மேசையைச் சுற்றிப் பளபளத்தது. மௌலவி தண்ணீர் எதுவும் கொண்டுவரவில்லை. கண்ணை மூடித் துஆ ஓதினார். பிள்ளைகளுக்காகவும் கேட்டிருப்பார். கேட்டது கிடைத்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

பிறகு பொன்னாடை. அதிபர் மைக்கைப் பிடித்து என்னைப் பற்றிப் பேசினார். நான் மறுப்பதுபோலத் தலையைக் குனிந்து, ஒரு சொல்லும் தவறவிடாமல் கேட்டேன். பிறகு மெசினைப் போட்டேன். பச்சைக் கோடு எழும்பியது. பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

"ஐயா, நீங்களே முதல் தொட்டுக் கும்பிடுங்கோ," என்றார் அதிபர். "பிள்ளையள் உங்களுக்குப் பின்னால வருவினம்."

புதிதாக வந்த எதையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது எங்கள் வழக்கம். கொப்பியாக இருந்தாலும் லொறியாக இருந்தாலும் அப்படித்தான். வலது கையை நன்றாக விரித்து மெசினின் மேல் வைத்தேன்.

அடித்தது. கையில் ஏறி, முழங்கை, தோள் என்று வந்து பல்லில் நின்றது. தானாகவே கை பின்னால் பறந்தது. என் வெட்கங்கெட்ட புத்தியைப் பாருங்கள்: பறந்து வந்த கையை நான் பாதி வழியில் பிடித்து, பக்தியோடு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். கண்ணில் நீர் வந்தது உண்மை. "ஐயாவுக்குக் கண் கலங்கிட்டுது," என்று அதிபர் மைக்கில் சொன்னார். சபை உருகியது.

எனக்கு அந்த நேரத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. ட்ரிப், பியூஸ், சுருட்டி வைத்த பச்சை வயர் எல்லாம். விளங்கிய பிறகும் நான் சும்மா நின்றேன். எவ்வளவு நேரம் என்றால், ஒரு மூன்று செக்கன் இருக்கும். அந்த மூன்று செக்கனில் நான் பிள்ளைகளை நினைத்தேன் என்று எழுத ஆசைதான். நான் நினைத்தது தோளில் கிடந்த பொன்னாடையை. இப்போது வாயைத் திறந்தால் இதைக் கழற்றி எங்கே வைப்பது என்று நினைத்தேன்.

அதற்குள் பிள்ளைகள் வரிசையாக வந்துவிட்டார்கள். முதலாவதாக ஒரு பெண்பிள்ளை. சின்னப் பிள்ளை, இரட்டைப் பின்னல். மஞ்சள் தண்ணீரில் கால் நனைய நின்று, நான் செய்தது மாதிரியே கையை நன்றாக விரித்து நீட்டியது. கைக்கும் மெசினுக்கும் இடையில் ஒரு சாண் இருக்காது. நான் பாய்ந்தேன். பொன்னாடை காலில் தடக்கி, சுவரோடு மோதி, பிளக்கைப் பிடுங்கினேன். பச்சைக் கோடு அணைந்தது. பிள்ளை பயந்து கையை இழுத்துக்கொண்டது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதாவது உண்மையைச் சொன்னேனா?

"வோல்ட்டு கொஞ்சம் ஏறி இறங்குது," என்றேன். "மெசின் பழுதாப் போயிடும். தொடுறதைப் பிறகு பாப்பம்."

"பாத்தீங்களா," என்றார் அதிபர் மைக்கில், "எவ்வளவு அவதானம்." சபை கைதட்டியது. பொய்க்கும் எனக்குக் கைதட்டுத்தான் கிடைத்தது. எல்லோரையும் தேத்தண்ணிக்கு விறாந்தைக்குக் கூப்பிட்டார்கள். நான் வரவில்லை என்று சைகை காட்டிவிட்டு, பிடுங்கிய பிளக்கைக் கையில் பிடித்தபடி மெசினுக்குப் பக்கத்தில் நின்றேன்.

டீச்சர் மட்டும் போகவில்லை. சனம் வெளியேறும்வரை சுவரோரமாக நின்றுவிட்டுக் கிட்ட வந்தார்.

"அடிச்சதுதானே சேர்."

அது கேள்வி இல்லை. ஆனாலும் நான், "இல்ல டீச்சர், கடற்காத்துக்கு..." என்று தொடங்கினேன். அவர் மறுத்துப் பேசவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். துண்டை எடுத்துக் காட்டப்போகிறார், கையெழுத்தைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பையைத் திறக்கவில்லை.

"எங்கட தம்பி வயலுக்கு மோட்டர் வெச்சவன்," என்றார். "வயர் கட்டினதும் அவன்தான். கரண்ட் வேலை நல்லாத் தெரியும், ஊருல எல்லாரும் அவனத்தான் கூப்பிடுவாங்க. ஒரு நாள் மோட்டரத் தொட்டவன் கைய உதறினத வாப்பா கண்டிருக்கார். அடிச்சதாடா எண்டு கேட்டாராம். இல்ல வாப்பா, எறும்பு கடிச்ச எண்டு சொல்லியிருக்கான்."

நான் பிளக்கின் வயரைக் கையில் சுற்றினேன்.

"அவன் கட்டின வயர்தானே சேர். அடிச்ச எண்டு எப்பிடிச் சொல்லுவான்? அடுத்த நாள் சுபஹுத் தொழுகைக்குப் பொறகு தண்ணி பாச்சப் போனவன், திரும்பி வரல்ல." அவர் என் வலது கையைப் பார்த்தார். "நீங்க கைய எடுத்தத நான் பாத்த. அவன் உதறினத வாப்பா செஞ்சி காட்டின மாதிரியேதான் இருந்திச்சி."

அந்தத் தம்பியை நான் கண்டதில்லை. ஆனால் அவனை எனக்கு நன்றாகத் தெரியும். அவன் ஏன் எறும்பு என்று சொன்னான் என்பதை, அந்தத் தகப்பனை விட, டீச்சரை விட, நான்தான் நன்றாக அறிவேன். அவனுக்கு வாலிப வயது. அறுபது தாண்டிய எனக்கு என்ன கேடு?

பிளக்கை மேசையில் வைத்தேன். பொன்னாடையைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தேன். விறாந்தையில் எல்லோரும் தட்டும் கையுமாக நின்றார்கள். பட்டீஸ், கேக், பிளேன்ரீ. ஐயரும் பாதரும் மௌலவியும் ஒரு பக்கமாக நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். அதிபர் என்னைக் கண்டதும் ஒரு கோப்பையை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"அதிபர், நான் உள்ளுக்குச் சொன்னது பொய்," என்றேன். என் குரல் எனக்கே உரப்பாகக் கேட்டது. "வோல்ட்டு ஏறி இறங்கேல்ல. மெசின் உடம்பில கரண்ட் இருந்தது. எனக்கு அடிச்சது. அதை மறைச்சனான். வயரைப் பிழையாக் கட்டினதும் நான்தான், ஏர்த்தைக் கழட்டினதும் நான்தான், பிள்ளையள் கை வைக்கலாம் எண்டு டீச்சருக்குச் சைன் வெச்சுக் குடுத்ததும் நான்தான்."

"பரவாயில்ல ஐயா, ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லத்தானே," என்றார் அதிபர், கோப்பையை இன்னும் நீட்டியபடி.

"எனக்குக் கை தானா விட்டுது. ஈரத்தில வெறுங்காலோட நிக்கிற சின்னப் பிள்ளையை அது விட்டிருக்குமோ தெரியாது," என்றேன். "அடுத்ததாத் தொடுற பிள்ளை செத்திருக்கும்."

வரிசையில் முதலாவதாக வந்த அந்த இரட்டைப் பின்னல் பிள்ளை தூணுக்குப் பக்கத்தில் நின்றது. கையிலிருந்த பட்டீஸை இடது கைக்கு மாற்றிவிட்டு, வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தது.